ஆடி மாதத்தில் ஒரு ஜாமீன்

வள்ளிநாயகி என்றதும் பலர் அவளுடைய டாக்டர் பட்டத்தைத்தான் சொல்வார்கள். நான் பட்டத்தைக் கண்டு மயங்குகிற ஆள் இல்லை. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான், புஷ்பவள்ளி. பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்கள் முகவரி மாற்றும் படிவத்தை நிரப்பத் தெரியாமல் முழித்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வள்ளிநாயகியை நான் மதிப்பது வேறொரு படிவத்துக்காக.

அவளுடைய அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும்போதே போய்விட்டார். அதன் பிறகு பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் அவளும் அம்மா பத்மாவதியும்தான். பள்ளி முடித்ததும் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பி ஒட்டினாள். சேர்த்த காசோடு பல்கலைக்கழகம் வந்து வேதியியலில் முதல் வகுப்பில் தேறினாள். மேலே மாஸ்டர்ஸ் படிக்கக் காசு இல்லை. அதனால் முதலாம் ஆண்டு மாணவர்களின் லேப்பில் செய்முறை காட்டும் டெமோன்ஸ்ட்ரேட்டராக நின்றாள். மணிக்கு இவ்வளவு என்று கூலி. மாதம் முடிந்ததும் மணிக்கணக்குத் தாளை என் கவுண்டரில்தான் நீட்டுவாள்.

வகுப்பில் அவள் எப்படி என்று கேட்டால், பொல்லாதவள். ஒரு தடவை மூன்று மாணவர்கள் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுத்துப்பிழைகூட ஒன்றேதான். அவள் அதற்கு ஒன்பது மார்க் போட்டு, மூன்று பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவர்கள் என் கவுண்டருக்கு வந்து புகார் எழுத வேண்டும் என்றார்கள். தாராளமாக எழுதுங்கள், ஆனால் இந்தத் தடவை ஆளுக்கொன்றாக எழுதுங்கள் என்று மூன்று தாள் கொடுத்தேன். ஒருவரும் எழுதவில்லை.

அந்தக் கூலியிலேயே மாஸ்டர்ஸும் படித்து முடித்ததும், 1985 ஜூலையில், அவளுக்கு டியூட்டர் வேலை கிடைத்தது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டு, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கான கட்டணமும் பல்கலைக்கழகமே ஏற்கும். படித்து முடித்தபின் ஏழு வருடம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் நாற்பத்தைந்தாயிரம் வெள்ளி, அதாவது என்னுடைய மூன்றரை வருடச் சம்பளத்துக்கு மேல், திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்குள், மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வருமானம் உள்ள இரண்டு பேர். கெடு ஜூலை முப்பது, செவ்வாய்க்கிழமை. தவறினால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். மேலே படிக்க அவளுக்கு அதைவிட்டால் வேறு வழியே இல்லை.

அவளுடைய அம்மாவின் தம்பி விநாசித்தம்பி ஒரு வங்கியில் துணை மேனேஜர், கோயில் கமிட்டியிலும் இருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: ஜாமீன் என்றால் சொந்தத்துக்குள்தான். வெளியாளிடம் போய்க் கேட்டால், கேட்க நமக்கு ஆள் இல்லை என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. மாமா ஒரு கையெழுத்து, மாமாவின் நண்பர் ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது என்றுதான் வள்ளியும் நினைத்திருந்தாள்.

மாமா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் அவரை மதித்திருப்பேன். ஜூலை முதல் வாரம் வள்ளி படிவத்தோடு போனபோது, “இப்ப தேய்பிறை பிள்ளை. வளர்பிறை வரட்டும்” என்றார். வளர்பிறை வந்தது, கூடவே ஆடி மாதமும் பிறந்தது. “ஆடியில யாராச்சும் நல்ல காரியத்துக்கு கையெழுத்து வைப்பாங்களா? ஆவணியில முதல் வேலையா போட்டுத் தர்றேன்” என்றார். கெடு ஆடியிலேயே முடிகிறது என்று சொன்னதற்கு, படிப்பு எங்கேயும் ஓடிவிடாது என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை போனபோதுதான் பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

“நாளைக்கு உனக்கு கல்யாணம் ஆகி, புருஷனோட ஆஸ்திரேலியா போயிட்டா அந்த நாப்பத்தஞ்சாயிரத்த யாரு கட்டறது? டீச்சர் டிரெய்னிங் போ. பொம்பளப் பிள்ளைக்கு அது போதும்லா.”

இதை அவள் என்னிடம் சொன்னபோது கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது. குரலில் அழுகை இல்லை, ஆத்திரம். எனக்கு அப்போது சம்பளம் ஆயிரத்து நாற்பது வெள்ளி. வயது முப்பத்தெட்டு. நானே போட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று நினைத்து ஸ்டாப்ளரில் பின் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கேட்கவும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

“வெளியாளக் கேக்கப் போறேன்க்கா” என்றாள். “அம்மா அழறாங்க. அழட்டும். படிச்சு முடிச்சதும் அம்மாவ சிரிக்க வைக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் கவுண்டர் நாலேகாலுக்கு மூடும். மூன்றரைக்கு வள்ளி உள்ளே நுழைந்தாள், பின்னால் இரண்டு பேர். சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்தேன். ஆடிச் செவ்வாய், ராகு காலம். மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆகாது என்று ஒதுக்குகிற நாளும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்த வேளை.

ஒருவர் சித்தி ஆயிஷா (‘சித்தி’ உறவுமுறை இல்லை, பெயரே அதுதான்), தொழிற்சாலையில் வள்ளி வேலை பார்த்த வரிசைக்கு சூப்பர்வைசர். அந்த வருடம் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. யார் வேலை எப்போது போகும் என்று தெரியாத நேரத்தில் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். “உங்க வீட்டுக்காரர் சம்மதம் கேட்டுட்டீங்களா?” என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். “சம்பளம் என் கையிலதானே கொடுக்கறாங்க? பேனா கொடுங்க” என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

மற்றவர் ஷேக் அலாவுதீன், நாசி கண்டார் என்கிற சோறும் கறியும் விற்கும் கடைக்காரர். சட்டையில் மசாலா வாசம். சம்பளச் சீட்டுக்குப் பதிலாக ஐந்து வருடத்து வருமான வரி ரசீதுகளை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் தலைமை கிளார்க் வாசு மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இது என்னா, கடைக்காரரெல்லாம் ஜாமீனா? ரெண்டு பேருமே சொந்தக்காரங்க இல்ல. குடும்பத்து ஆள் ஒருத்தராச்சும் வேணும்மா.”

“எங்க எழுதியிருக்குண்ணே? காட்டுங்க” என்றாள் வள்ளி.

வாசு சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். மணி நாலு ஆனது. குடியுரிமை, வயது, வருமானம் தவிர அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், நான்தான் அதை டைப் அடித்தவள். வள்ளி கவுண்டரைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார் வாசு கடைசியில்.

“வழக்கத்துக்கு ஃபாரத்துல கட்டம் இல்லண்ணே” என்றாள் அவள்.

வாசு அலாவுதீன் பக்கம் திரும்பினார். “பாய், தெரிஞ்சுதான் போடறீங்களா? இந்தப் பொண்ணு ஓடிட்டா உங்க கடை போயிடும்.”

அலாவுதீன் நிதானமாகச் சொன்னார்: “மூணு வருஷமா என் கடை மூலை மேசையில உக்காந்து பேப்பர் திருத்துது. கூட்டம் நெரியும், மழை உள்ள அடிக்கும், கட்டு முடியாம ஒரு நாளும் எழுந்து போனதில்ல. இது ஓடற ஆளு இல்ல தம்பி. அப்புறம் அந்த ரசீதப் பாருங்க. போன வருஷம் நான் சம்பாதிச்சது உங்க சம்பளத்தவிட ஜாஸ்தியாத்தான் இருக்கும்.”

வாசு ரசீதைப் பார்த்தார். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நான் முத்திரையை எடுத்து, மை போதாதோ என்று இரண்டு தடவை தொட்டு, ஓங்கிக் குத்தினேன். மணி நாலு பத்து.

அவள் ஆராய்ச்சி தண்ணீரில். கடலுக்கு அக்கரையில் பிறை என்கிற ஊரின் தொழிற்பேட்டைப் பக்கம் வாய்க்கால்களில் பாஸ்பேட் எவ்வளவு கலக்கிறது என்று அளப்பது. ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், லாரிகளுக்கு நடுவே ஓட்டி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் மொண்டு வருவாள். மற்ற நேரம் வகுப்பு. இரண்டரை வருடம் போனபிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பாட்டில்களை அத்தனை நாளும் லேப் ஆட்கள் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அந்தச் சோப்பிலேயே பாஸ்பேட் இருக்கிறது. அவள் அளந்ததில் வாய்க்கால் எவ்வளவு, சோப்பு எவ்வளவு என்று கடவுளுக்கும் தெரியாது. எல்லா அளவும் குப்பை.

மறுநாள் காலை என் கவுண்டருக்கு வந்து விலகல் படிவம் கேட்டாள். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. நின்றபடியே பெயர் எழுதினாள், துறை எழுதினாள். நாலாவது கட்டத்தில் ஜாமீன்தாரர்களின் பெயரும் முகவரியும் கேட்டிருந்தது, பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதற்கு. ‘சித்தி ஆயிஷா’ என்று எழுதினாள். அலாவுதீனின் கடை முகவரி எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு படிவத்தை நாலாகக் கிழித்து என் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

“பாட்டில் கழுவ ஆசிட் வாங்கணும்க்கா. எந்த ஃபாரம்?” என்றாள்.

முதலிலிருந்து தொடங்கினாள். அடுத்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. எட்டு மணி நேர வகுப்பில் ஒரு மணிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. இதற்கு நடுவில், டியூட்டர்களுக்குச் சொல்லாமல் வகுப்பை மாற்றிய பேராசிரியரோடு இரண்டு தடவை சண்டையும் போட்டாள், இரண்டிலும் ஜெயித்தாள்.

1990இல் பட்டமளிப்பு விழா. ஒரு பட்டதாரிக்கு இரண்டு அழைப்பு அட்டை. அதையும் மூன்றாம் கவுண்டரில்தான் கொடுப்போம். வள்ளி வாங்க வந்த அன்று கோட்டும் டையுமாக விநாசித்தம்பியும் கூடவே வந்தார். அன்றுதான் அவரை நேரில் பார்க்கிறேன். மூன்றாவதாக ஒரு அட்டை வேண்டும் என்றார்.

“எல்லாருக்கும் ரெண்டுதான் சார்” என்றேன்.

“அப்ப ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு. இவ அப்பா ஸ்தானத்துல நான்தானே இருக்கேன்.”

“ரெண்டும் ஆயிஷாக்காவுக்கும் அலாவுதீன் பாய்க்கும் மாமா” என்றாள் வள்ளி. “அம்மாவ புஷ்பாக்கா ஸ்டாஃப் வாசல் வழியா கூட்டிட்டுப் போறாங்க.” அது விதிக்குப் புறம்பான காரியம்தான். ஐந்து வருடம் முன்பு செய்யாததற்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

விநாசித்தம்பியின் முகம் கறுத்தது. “வெளியாளுங்க உள்ள உக்காந்திருக்க, தாய்மாமன் வெளிய நிக்கணுமா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு எப்பயாச்சும் சொன்னேனா?”

“நீங்க போடாததே நல்லதாப் போச்சு மாமா” என்றாள் அவள். கோபமே இல்லாமல், பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். “போட்டிருந்தா மூணாவது வருஷமே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். நாப்பத்தஞ்சாயிரத்த மாமா கட்டட்டும்னு. அவங்க ரெண்டு பேரையும் கட்ட விட எனக்கு மனசு வரல. அதான் முடிச்சேன்.”

அவர் கவுண்டரை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“சார், கொஞ்சம் ஒதுங்குங்க, பின்னால ஆள் நிக்குது” என்றேன். இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தைகளை அவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை.