இன்னைக்கு எந்தக் காலு?

என் தம்பி கால்பந்து ஆடியது ஒன்பது வருடம். அதில் பாதி மைதானத்தில், மீதிப் பாதி எங்கள் வீட்டு சோபாவில், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. நான் இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும், சோபாவின் பள்ளம் எனக்குச் சாட்சி.

அவன் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் மதில் மாதிரி நின்று, வருகிறவனைத் தடுக்கிற வேலை. அவன் காலை நீட்டினால் பந்தும் வரும், பந்தை வைத்திருந்தவனும் கூடவே வருவான். மட்டாஞ்சேரியில் அவனுக்கு ரோடு ரோலர் என்று பெயர். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்று, "அக்கா, ஓடி வா" என்று அலறுவான்.

பலமாக மோதுகிறவனுக்கு அடி படாமல் போகுமா? முதலில் கட்டைவிரல், பிறகு கணுக்கால், பிறகு தோள்பட்டை எலும்பு. கடைசியாக வலது முழங்காலில் லிகமெண்ட். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு நல்ல அணி அவனைக் கூப்பிட்டிருக்கும், ஒவ்வொரு முறையும் இவன் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். எங்கள் வீடு முழுக்க முறிவெண்ணெய் வாசனை. விருந்தாளிகள் வந்தால் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

வாசனை விஷயத்தில் நான் கொஞ்சம் கர்வக்காரி. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு மசாலாக் கிடங்கில் சாம்பிள் பார்ப்பது என் வேலை. கைப்பிடி மிளகை மூக்கருகே கொண்டு போனால் இந்த வருடத்துச் சரக்கா, போன வருடத்து மிச்சமா என்று சொல்லிவிடுவேன். அந்த வேலையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எப்போது அழுதாலும் மிளகுத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

வலது முழங்கால் போன பிறகு எதிரணிக்காரர்கள் கட்டுப் போட்ட காலைப் பார்த்து அதிலேயே உதைக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் நான்தான் சொன்னேன்: "கட்டை நல்ல காலில் போடுறா. அவனுங்க அதையே சவிட்டட்டும்." கிடங்கில் வாங்க வருகிறவரின் கண்ணை எந்த மூட்டையில் நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன! வலிக்கிற காலில் தோல் நிறத்து டேப்பை யாருக்கும் தெரியாமல் ஒட்டினேன். நல்ல காலில் வெள்ளை கிரேப் பேண்டேஜைப் பட்டவர்த்தனமாகச் சுற்றினேன். முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்காரன் பேண்டேஜ்மேல் ஓர் உதை விட்டான். என் தம்பி சிரித்துக்கொண்டே எழுந்து ஓடினான்.

அதன் பிறகு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஆட்ட நாள் காலையில் நான் பேண்டேஜோடு உட்காருவேன். "இன்னைக்கு எந்தக் காலு?" என்று கேட்பேன். எது நோகாத காலோ அதை நீட்டுவான். இடது கணுக்காலும் வலது முழங்காலும் மாறி மாறி மக்கர் செய்ததால் கேட்காமல் கட்ட முடியாது.

இருபத்தேழாவது வயதில் அவனுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வானால் நிரந்தர வேலை. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. ஒரே ஒரு ஆட்டம், தொண்ணூறு நிமிடமும் நின்று ஆடிக் காட்ட வேண்டும். "அது வரைக்கும் ஒரு செவன்ஸும் வேண்டாம்டா, கேட்டியா" என்றேன். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற முரட்டு உள்ளூர் ஆட்டம் அது. என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

தேர்வு நாள் காலை. "இன்னைக்கு எந்தக் காலு?"

இடது காலை நீட்டினான். கட்ட ஆரம்பித்தபோது முறிவெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. வலது முழங்காலுக்குத்தான் எண்ணெய், இடது காலில் ஏன் வாசனை என்று ஒரு கணம் யோசித்தேன். முதல்நாள் ராத்திரி நானும் எண்ணெய் தொட்டிருந்தேன், அதனால் என் கையில்தான் வாசனை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மிளகு பார்த்துக் கொடுக்கிறேன்.

"நல்லா முறுக்கிக் கெட்டு அக்கா" என்றான். கட்டினேன்.

அன்று அவன் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருத்தனாலும் அவனைத் தாண்ட முடியவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி இவனைக் காட்டியதை நானே கண்ணால் பார்த்தேன். மனசுக்குள் அவனுக்கு அலுவலகச் சட்டையெல்லாம் தைத்துவிட்டேன்.

எழுபது நிமிடம் இருக்கும். ஒருவன் பந்தோடு வேகமாக வந்தான். என் தம்பி சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சுத்தமாகப் பறித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவன் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். என் தம்பி எழுந்திருக்கவில்லை. யாரும் அவனை உதைக்கவே இல்லை.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். கையில் பேண்டேஜ் இருந்தது, வாயில் பழக்கதோஷத்தில் அதே கேள்வி வந்தது. "எந்தக் காலுடா?"

"ரெண்டும் அக்கா."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு நாள் முன்பு சுள்ளிக்கலில் நண்பர்களுக்காக ஒரு செவன்ஸ் ஆடியிருக்கிறான். தானே பேண்டேஜ் சுற்றிக்கொண்டு போன இடது முழங்காலில் நன்றாக வாங்கியிருக்கிறான். என் யோசனை அவ்வளவு அழகாக வேலை செய்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன், ஸ்ட்ரெச்சர்காரர்கள் குறுக்கே நின்றதால் பிழைத்தான். ஆம்புலன்ஸில், "ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ கெட்டியிருக்க மாட்டே" என்றான்.

உண்மைதான். கட்டியிருக்க மாட்டேன், வாசலையும் தாண்ட விட்டிருக்க மாட்டேன். அன்றோடு அவன் ஆட்டம் முடிந்தது. பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டியது என் கை.

இப்போது அவன் இடப்பள்ளியில் ஒரு மாலில், விளையாட்டுச் சாமான் கடையில் இருக்கிறான். போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். ஒருவர் முழங்காலுக்கு உறை கேட்டு நின்றுகொண்டிருந்தார். நான் ஷூ அடுக்குக்குப் பின்னால் நின்றேன்.

"ஏது காலா சேட்டா?" என்று கேட்டான் என் தம்பி, எங்கள் வீட்டுக் கேள்வியையே மலையாளத்தில். அவர் இடது காலைக் காட்டினார்.

இவன் உடனே உறையை எடுக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்தான். இடது முழங்காலை அமுக்கிப் பார்த்தான். பிறகு அவர் காட்டாத வலது காலையும் அமுக்கினான். அவர் "அய்யோ" என்று துள்ளினார்.

"ரெண்டும் வேதன உண்டெங்கில் பறயண்டே சேட்டா" என்றான். வலித்தால் சொல்ல வேண்டாமா என்று அவ்வளவு சாந்தமாகக் கேட்டான்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். நான் சட்டென்று ஒரு ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. மிளகுத் தூசி என்று சொல்லலாமென்றால், அந்தக் கடையில் எங்கே இருக்கிறது மிளகு!