பொலோனேசே சமைத்தவன் பொலோனியாவுக்குப் போனது

ஸ்டுட்கார்ட்டில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். பிறகு மரக்கறி வெட்டினேன், பிறகு பீட்சா அடுப்பில் நின்றேன், இப்போது பாஸ்தா முழுக்க என் கையில். அதிகம் போகிற சாப்பாடு ஸ்பகெட்டி பொலோனேசே, அரைத்த மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றிய நூல் பாஸ்தா. அந்தப் பெயருக்குள் பொலோனியா என்றொரு பழைய நகரம் இருப்பது தெரியும். ஆனால் அது போய்ப் பார்க்கக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

முதலாளி இத்தாலியின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். "பொலோனியா எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், ரயிலில் தாண்டிப் போயிருக்கிறேன்" என்றார். அவரே பார்க்காத ஊர் என்றதும் எனக்கு ஆசை பிடித்துவிட்டது.

இலையுதிர் காலத்தில், திருத்த வேலைக்காகக் கடையை ஒரு கிழமை பூட்டினார்கள். மனைவியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள், லீவு எடுக்கலாம்.

"இத்தாலிச் சாப்பாடு சாப்பிட இத்தாலிக்குப் போகவேணுமோ? உங்கட உடுப்பிலையே அந்த மணம்தானே வருது" என்றாள். சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தாள்.

மியூனிக்கில் ரயில் மாறி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போனோம். பொலோனியா முழுவதும் செங்கல் நிறம். சுவர், கோபுரம், கூரை எல்லாம் அப்படித்தான். நடைபாதைகளுக்கு மேலே வளைவு வளைவாகக் கூரை. பெரிய சதுக்கத்தில் நின்ற தேவாலயத்தின் முகப்பில் கீழ்ப்பாதிக்குத்தான் சலவைக்கல், மேலே வெறும் செங்கல். நூற்றாண்டுகளாக முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். உள்ளே தரையில் நீளமாக ஓர் உலோகக் கோடு. கூரை உச்சியில் ஒரு சின்ன ஓட்டை. நடுப்பகலில் அதன்வழி விழுகிற வெயில் வட்டம் அந்தக் கோட்டைத் தொடும் என்று எழுதியிருந்தது. காத்து நின்றோம். வெயில் மெல்ல ஊர்ந்து வந்து கோட்டில் ஏறியபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சனமெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

மத்தியானம் சந்தைத் தெருவில் ஒரு சின்னக் கடையில் இருந்தோம். வீட்டில் நாங்கள் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. வேலையிடத்தில் கரண்டி நுனியில் எடுத்து உப்புப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டதே கிடையாது. அதனால் கீரை போட்ட ஏதோ ஒன்றைக் காட்டினேன். அவள் என் விரலைத் தள்ளிவிட்டு, பொலோனேசே குழம்புக்கு அந்த ஊர்ப் பெயரான றகூ இருந்த வரியைத் தொட்டாள்.

"இதுக்குத்தானே வந்தனீங்கள்."

"உமக்கு முன்னாலை எப்பிடி..."

"நான் சாப்பிடேல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ. உங்கட வேலையை நீங்களே ருசி பாக்காட்டி வேறை ஆர் பாக்கிறது?"

முட்டை போட்டுக் குழைத்த, அகலமான மஞ்சள் பாஸ்தா வந்தது. ஸ்பகெட்டி அந்தக் கடையில் இல்லவே இல்லை. உள்ளிப்பூண்டு மணம் இல்லை, தக்காளி பேருக்குத்தான். கரட்டும் வெங்காயமும் செலரியும் நெடுநேரம் சின்ன நெருப்பில் கிடந்து, இருந்த இடம் தெரியாமல் இறைச்சியோடு கரைந்திருந்தன. குழம்பு தட்டில் ஓடவில்லை, பாஸ்தாவில் ஒட்டியிருந்தது. நான் இத்தனை வருடமாகக் குழம்பைச் சமைத்துவிட்டு அதற்குள் பாஸ்தாவைப் போட்டிருக்கிறேன். இவர்கள் பாஸ்தாவைச் சமைத்துவிட்டு அதற்குக் குழம்பைப் பூசுகிறார்கள். மனைவிக்குப் பால்கட்டி அடைத்த பாஸ்தா வந்தது. "கொழுக்கட்டையை வெண்ணெயிலை பிரட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லி, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஜெர்மனிக்குத் திரும்பியபின் ஒருமுறை அதேபோல் சமைத்து அனுப்பினேன். குழம்பு எங்கே என்று கேட்டுத் தட்டு திரும்பி வந்தது. சாப்பிட வந்தவர் பழகியது வேறு. ஊற்றிக் கொடுத்தேன்.

பொலோனியாவில் மறுநாள் காலை, அதே சந்தைப் பக்கம் ஒரு தேவாலயத்துக்குள் சும்மா நுழைந்தோம். ஒரு மூலையில் ஆளளவு மண் சிலைகள். இறந்த இயேசு கிடக்கிறார், சுற்றி நின்று அழுகிறார்கள். ஒருத்தி ஓடி வருகிறாள். கைகள் பின்னால் விரிந்திருக்கின்றன, தலைத்துணி காற்றில் பறக்கிறது, வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. சுட்ட மண்ணில் ஒரு சத்தத்தைச் செய்து வைத்திருந்தார்கள்.

மனைவி அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணாவைக் கொண்டுவந்த அண்டைக்கு அம்மா இப்பிடித்தான் ஓடி வந்தவ" என்றாள்.

யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில் இறந்துபோன அவளுடைய அண்ணா. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. பிறகு, "இதைச் செய்த ஆள் எங்கையோ ஒரு வீட்டு வாசலிலை நிண்டு பாத்திருக்கிறார். இல்லாட்டி இது வராது" என்றாள். சிலையும் ஓவியமும் படித்தவர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பின்னேரம் மழை பிடித்தது. நகர வாசலிலிருந்து ஒரு மலைக்கோயில் வரை கூரை போட்ட பாதை ஏறிப்போகிறது. நாயோடு வந்த ஒரு பெண்ணிடம், குசினியில் பொறுக்கிய இத்தாலியத்தில், ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று கேட்டேன். மலையிலிருக்கும் மாதாவை ஊருக்குள் தூக்கி வரும்போது மழையில் நனையக்கூடாதாம். மனைவிக்குச் சொன்னேன்.

"சாமிக்குக் குடை பிடிக்கிறதைக் கண்டிருக்கிறன்" என்றாள். "ஒரு மலைக்கே குடை பிடிச்ச சனத்தை இப்பதான் காணுறன்."

முழங்கால் நோக, நின்று நின்று ஏறினோம். இரண்டு பக்கமும் மழை கொட்டியது, எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. மேலே போய்ப் பார்த்தால் ஊர் தெரியவில்லை, வெறும் புகார் மூட்டம்தான். கோயிலுக்குள் அவள் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். அது நன்றாகப் பற்றிக்கொள்ளும்வரை பக்கத்தில் நின்றேன்.