என் அத்தானின் வயிறு

என் அக்காவைக் கட்டியவருக்குக் கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு என்றுதான் நாங்கள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தோம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்குகிற வேலை, பசியும் அதற்கேற்றாற்போல். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் காவலாளி டீயும் பன்னும் நீட்டுவார். அத்தான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. விருந்துகளில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பயம். தன் தட்டை முடித்ததும் என் தட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த வயிறுதான் கடைசியில் காலை வாரியது. ஆள் பாதியாக இளைத்துப்போனார். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் டாக்டர் சொன்னார்: கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, அது உள்ளே போனால் உங்கள் உடம்பே உங்கள் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு பொடி கூடப் போகக் கூடாது. இதற்கு மருந்து கிடையாது, சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

வீட்டுக்குள் அது சுலபமாகத்தான் இருந்தது. அக்கா சமையலறையையே புரட்டிப் போட்டுவிட்டாள். வாசலைத் தாண்டினால்தான் வம்பு. சர்க்கரை வேண்டாம் என்றால் நம் ஜனங்களுக்குப் புரிகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னாலும் புரிகிறது. கோதுமை ஆகாது என்றால் மட்டும் நீங்கள் ஏதோ பிகு பண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும் என்பார்கள். பன் மைதாவில்தானே செய்கிறார்கள் என்று ஒரு மேதாவி கேட்டான். மைதா என்ன மரத்திலா காய்க்கிறது?

அத்தான் போகிற இடமெல்லாம் சோறு கட்டிக்கொண்டு போனார். வேலையிடத்தில் அவருக்கு ‘டிஃபன் பாக்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால், போன் வந்தது போல வெளியே நழுவிவிடுவார். அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் அவர் நின்றதை ஒருமுறை நானே பார்த்தேன். எரிச்சல் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை பெறுகிற வயது வந்தும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். அவளுடைய மாமியார் ஒரு பெரிய மாணவர் விடுதியின் சமையற்கூடத்தைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். ஒரு பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால்கூட எழுந்து வந்து என்ன குறை என்று கேட்டவராம். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு முதல்முறை விருந்துக்குப் போனபோது, அத்தான் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, மன்னிக்கணும், எனக்குக் கோதுமை ஆகாது என்றார். அதோடு விட்டாரா? பையிலிருந்து டிஃபன் பாக்ஸை எடுத்துச் சம்பந்தி வீட்டு மேசைமேல் வைத்தார்.

“என் சமையல்ல இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே அண்ணா” என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. அதற்குப் பிறகு எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களோடு பேசாமல் இருந்தால் போகட்டும், பாப்பாவோடும் பேச்சை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் மகனிடம் சொல்வார், மாப்பிள்ளை அதை வாங்கி இவளிடம் சொல்வார். இருவரும் ஒரே அடுப்படியில் நிற்கும்போது உப்பு எங்கே அத்தை என்று கேட்டால், பதில் சுவரைப் பார்த்து வருமாம். பாப்பா போனில் அழுவாள். அத்தான் கேட்டுக்கொண்டே, துடைத்த டிஃபன் பாக்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்.

தன் சமையலை ஒருவர் தொடாமல் எழுந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். பிறகு ஒருநாள் சம்பந்தியம்மாவே போன் செய்து எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். அத்தானுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று மகன் மூலமாகவே பாப்பாவிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். சமைக்கிற அன்று யாரையும் உள்ளே விடவில்லை. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், போனேன்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய சட்டியில் ஒட்டியிருந்தாலும் ஆகாது என்று கேள்விப்பட்டு, பாத்திரம், கரண்டி, வடிகட்டி வரை எல்லாம் புதிதாக வாங்கியிருந்தார். அடுப்பைத் தேய்த்த தேய்ப்பில் அதன் மேல் எழுதியிருந்த எழுத்தே போய்விட்டது. மேசையில் சோறு, காய்கறி, மொறுமொறுவென்று பொரித்த கறித்துண்டுகள், நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கேக். அத்தானின் தட்டில் முதலில் தானே பரிமாறினார்.

“பயப்படாம சாப்பிடுங்கண்ணா. கோதுமை மாவு, மைதா ரெண்டையும் வீட்டைவிட்டே அனுப்பிட்டேன். கறியில புரட்டினதும் ரவை, கேக்கும் முழுக்க ரவை.”

ரவை. கோதுமையை உடைத்தால் ரவை. வாழ்நாளெல்லாம் மூட்டை மூட்டையாக அவிழ்த்த கைதான். ஆனால் சமையற்கூடத்தில் கோதுமைக்கு ஒரு டின், ரவைக்கு ஒரு டின். வேறு டின்னில் இருப்பது வேறு சரக்கு என்றே அந்த அம்மா இத்தனை காலம் இருந்துவிட்டார். அவர் மட்டுமா, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அத்தானின் குதிகால் என் பாதத்தை அழுத்தியது. பாப்பா கையில் கரண்டியோடு நின்றாள். அப்பா என்று ஆரம்பித்தாள்.

சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பினார். சுவர் பக்கம் இல்லை, மகன் பக்கம் இல்லை, நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏம்மா நிக்கிற? அப்பாவுக்கு இன்னும் ரெண்டு துண்டு வை.”

அத்தான் சாப்பிட ஆரம்பித்தார். பழைய அத்தானைப் போலவே சாப்பிட்டார். கேக்கைக் கேட்டு இன்னொரு முறை வாங்கினார். நான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பாப்பா பரிமாறினாள். இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தது எனக்குத் தெரிந்தது, அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

சாப்பிட்ட பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கு நெற்றியில் வேர்த்தது. சம்பந்தியம்மா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அத்தான் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக் குனிந்தே வந்தார்.

“யாராவது உண்மையைச் சொல்லித்தான் ஆகணும்” என்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“சொல்லு. ஆனா நாளைக்கும் பாப்பா அந்த வீட்லதான் இருக்கணும், அதையும் யோசிச்சுக்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போனவர்தான். வாந்தி ஒருபக்கம், வயிற்றைப் பிடுங்குகிற வலி ஒருபக்கம். அக்கா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அத்தான் கதவில் வாயை வைத்து, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். எனக்கு வேறு எதுவும் தோன்றாமல் அதையே கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். அவர் சொன்னால் கதவைத் திறந்தும் விடுவார். நான் எதைத் திறந்து விடுவது?

போன் வந்தது. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். நான் போனை அவர் காதில் பிடித்தேன். பாப்பாவின் அழுகை எனக்கே கேட்டது. அங்கே போன் சம்பந்தியம்மா கைக்கு மாறியது.

“அண்ணா, வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?”

“இல்லம்மா. நல்லா இருக்கேன்.”

“கேட்டியாம்மா?” இது பாப்பாவுக்கு. பிறகு அத்தானிடம், “இங்க உங்க பொண்ணு அப்பாவுக்கு என்ன ஆச்சோன்னு உட்கார்ந்து அழறா. ரவை என்னடி பண்ணும்னு நான்தான் சமாதானம் சொல்லிட்டு இருக்கேன். இனிமே மாசாமாசம் நீங்க இங்கதான் சாப்பிடணும். நானும் என் மகளும் சேர்ந்து சமைக்கப் போறோம்.”

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“வர்றோம்மா” என்றார். போனை என்னிடம் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.