சிங்கத்துக்குக் காது உண்டு... மட்டிக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் தோசைக் கரண்டியோடு அடுத்தவர் வீட்டு மீன் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

துபாய் சத்வாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக் கீழக்கரைக் குடும்பம் லீவில் ஊருக்குப் போயிருக்கிறது. சாவி என்னிடம். வெயில் காலம் வந்தால் இந்தக் கட்டடத்தில் யாராவது என்னிடம் சாவி கொடுப்பது வழக்கம்தான். பூந்தொட்டி, பூனை எல்லாம் பார்த்தாயிற்று. இந்த முறை மீன்கள். கூடவே மணலில் பாதி புதைந்த ஒரு நன்னீர் மட்டி, சிப்பி மாதிரி இரட்டை ஓட்டுக்குள் இருக்குமே, அது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பெண் ஹனா, கிளம்பும்போது சொன்னாள்: "அங்கிள், ஃபிஷ் எல்லாம் ஓகே. என் க்ளாமை மட்டும் டெய்லி பாருங்க. செத்துட்டா உடனே எடுத்துடணும். இல்லேன்னா தண்ணி கெட்டு ஃபிஷ் எல்லாம் செத்துடும்."

செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கேட்பதற்குள், "யல்லா, கிளம்பு, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு" என்று அவள் அப்பா இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மட்டிக்கு எது முன்பக்கம் என்றே தெரியாது. அன்று காலை அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. செத்ததை விட்டுவைத்தால் மீன்கள் போகும். உயிரோடு இருப்பதை எடுத்து வெளியே போட்டால்... ஹனா முகத்தில் எப்படி விழிப்பது?

விலங்கு விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் முருகேசன். அறந்தாங்கிக்காரன். அல் ஐன் பக்கம் ஒரு விலங்குப் பூங்காவில் சிங்கக் கூண்டு டூட்டி. போன் போட்டேன்.

"மாப்ளே, மட்டி செத்துருச்சா இல்லையான்னு எப்படிடா பார்க்குறது?"

"டேய், நான் சிங்கம் பார்க்குறவன்டா. மட்டியைக் குழம்புலதான் பார்த்திருக்கேன்."

"சரி, சிங்கத்துக்கு எப்படிப் பார்ப்பே?"

"கறியைக் காட்டுனா எந்திரிச்சு வரப்போவுது!"

பார்த்தீர்களா, சிங்கம் எவ்வளவு சௌகரியம்? பசித்தால் கர்ஜிக்கும். கோபம் வந்தால் பல்லைக் காட்டும். மட்டிக்குச் சத்தமும் இல்லை, முகமும் இல்லை. சிங்கத்தின் முன்னால் நம் உயிருக்குப் பயம். மட்டியின் முன்னால் அதன் உயிருக்குப் பயம் — இரண்டாவதுதான் ஆளைத் தின்கிறது.

இதை முருகேசனிடமும் சொன்னேன்.

"அப்படியெல்லாம் இல்லடா. இங்க ஒரு கிழட்டுச் சிங்கம் இருக்கு. சில நாள் கறியைக் காட்டுனாலும் எந்திரிக்காது. உடம்பு முடியலேன்னாலும் காட்டிக்காது. காலையில டூட்டிக்கு வந்ததும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அதோட காதையே பார்த்துக்கிட்டிருப்பேன். ஈ உட்கார்ந்து காது ஆடுனாத்தான் எனக்கு டீ இறங்கும்."

"காதே இல்லாததுக்கு?"

"தொட்டுப் பாரு. உசுரிருந்தா என்னமாச்சும் செய்யும்."

கரண்டி நுனியால் தொட்டேன். டக்கென்று மூடிக்கொண்டது!

"மூடிருச்சுடா!"

"மப்ரூக்" என்று அரபியில் வாழ்த்தினான். "எங்க கிழவனும் இன்னைக்குக் காதை ஆட்டிட்டான்."

பிராணி எந்த சைஸில் இருந்தால் என்ன... பார்த்துக்கொள்கிறவன் கவலை ஒரே சைஸ்தான் போலிருக்கிறது. ஹனாவுக்கு 'உயிரோடு இருக்கிறது' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நிம்மதியாக டீ குடித்தேன். திரும்பப் போய்ப் பார்த்தேன்.

மூடியது இன்னும் திறக்கவில்லையே!