உறைந்த எண்ணெயும் என் வீட்டுக்காரர் ரத்தமும்

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோர் வாசலில் வாச்சர் வேலை. நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் எங்கள் பசுவின் நெய்யைச் சோற்றில் குளம் கட்டுவார். உருக்கிக் கொடுத்த பாவி நான்தான்.

ஒரு நாள் கிறுகிறுப்பு வந்து வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அட்டன் டவுன் டாக்டர் ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துக் காட்டினார். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"ரத்தத்துல கொழுப்பு ஏறிப்போச்சு. ரத்தம் தடிச்சா ஓட்டம் மந்தமாகும், இருதயம் திணறும். நெய்யை நிறுத்துங்க, நல்லா நடங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வயதில் தாலியை இழப்பதா என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அவர் அழவில்லை, யோசித்தார். எங்கள் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். அடுப்போரம் வைத்தால்தான் தலைக்கு வரும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"என் ரத்தமும் இப்படித்தான்டி. கொழுப்பு குளிருக்கு உறையுது. அடுப்புகிட்ட இருந்தா உருகி ஓடிரும். நெய்யை எதுக்கு நிறுத்தணும்?"

அன்று முதல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குக் காவல். அவரிடம் வாதாடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. அதனால் நான் வாதாடவில்லை. மாடு வற்றிவிட்டது என்றேன். கறப்பது நான், மடியைப் பார்க்க அவரா போகப்போகிறார்?

"விறகும் இல்லீங்க. வேணும்னா நீங்கதான் போகணும்" என்றேன்.

அடுப்பு அணைந்தால் உயிர் போய்விடுமே! தினமும் வேலை விட்டதும் கவ்வாத்து வெட்டிய உச்சி மலைக்கு ஏறி, வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கட்டிச் சுமந்து இறங்கினார். அவர் குளிக்கப் போனதும் கட்டில் முக்கால்வாசியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தள்ளிவிடுவேன்.

"அடுப்பு இவ்வளவா தின்னுது?" என்பார் இவர்.

"உங்க கொழுப்பை உருக்கணுமே!"

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாயில் நீர் தெளிவாக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன செஞ்சீங்க?" என்றார் டாக்டர்.

"அடுப்புகிட்ட உக்காந்தேங்க" என்றார் இவர் பெருமையாக. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தம் தெளிந்துவிட்டது என்று சொன்னேன். முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு முகம் தொங்கிப்போனது.

"அப்ப நாளையிலருந்து விறகுக்கு நானா போகணும்?"

"பயப்படாதீங்க அக்கா, குளிர் இன்னும் போகலையே" என்றேன்.