சக்கரத்தின் இரண்டாம் பொட்டு

புதுச் சக்கர இரப்பரின் நெடியும் கற்பூர மணமும் ஒருசேர எழுமிடத்தில் எனக்கு இன்றும் எரிச்சலே மூள்கிறது. ஆண்டுதோறும் தீபாவளி விருந்தில் என் அண்ணன் பேரப்பிள்ளைகளைச் சூழ அமர்த்தி, "இவ சின்ன வயசுல சைக்கிள் மிதிக்கவே சோம்பல்படுவா லா" என்று கூறிச் சிரிப்பதை இனியும் பொறுப்பதற்கில்லை. ஆதலின் நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது கடமையாயிற்று.

அப்போது எனக்கு அகவை பதினான்கு. சுங்கை பினாங் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். ஆண்டிறுதி விடுமுறைக்குள் இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதனைத் தொலைவளக்கும் "மீட்டரில்" காட்டுவோர் மட்டுமே எங்கள் தீவைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பயணத்தில் சேரலாம் என்று உடற்கல்வி ஆசிரியர் அறிவித்திருந்தார். தீவின் மேற்குக் கரையை நான் அதுவரை கண்டதில்லை. என் ஓயாத நச்சரிப்பைத் தாங்காமல் அப்பா ஜெலுத்தோங் கடையொன்றில் புது மிதிவண்டியும், தீப்பெட்டியளவே இருந்த அந்த மீட்டரும் வாங்கித் தந்தார்.

சக்கரக் கம்பியில் ஒரு சிறு காந்தம். சக்கரத்தைத் தாங்கும் முன்கவையில் ஓர் உணரி. காந்தம் ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றில் சக்கரம் எவ்வளவு தொலைவு உருள்கிறது என்பதை நாமே கருவிக்குச் சொல்லவேண்டும். கையேடோ எங்களில் எவரும் அறியாத ஜப்பானிய மொழியில் இருந்தது. தம்மைப் பொறியாளராகவே கருதிக்கொண்டிருந்த அண்ணன், சக்கரத்தில் ஈரக் குங்குமம் வைத்து நடைவழியில் உருட்டி, தரையில் விழும் இரு பொட்டுகளின் இடைவெளியை அளப்பது என்று வழி கண்டார். நல்ல வழிதான், மறுக்கவில்லை. பொட்டை வைத்துவிட்டு அவர் அளவு நாடா தேடி உள்ளே போனார். வண்டிப் பூசைக்கு எலுமிச்சம்பழம் வாங்க நான் கீழே போயிருந்தேன். திரும்புவதற்குள் அளந்து, கருவியிலும் பதித்து முடித்திருந்தார்: நூற்று மூன்று சென்டிமீட்டர். அத்தனை பெரிய சக்கரத்திற்கு இது போதுமா என்று அப்பொறியாளர் ஒரு கணமும் ஐயுறவில்லை.

நாள்தோறும் காலையில் ஜெலுத்தோங் வழியே கடற்கரைவரை சென்று மீண்டேன், மழையிலும் மிதித்தேன். மூச்சு வாங்க மிதித்தாலும் கருவி வேகம் மணிக்கு எட்டு என்றே காட்டியது. "எட்டா? பாசார்ல காய் வாங்கிக் கூடை தூக்கிட்டு நடக்கிறவங்க கூட உன்னை முந்திருவாங்க லா!" என்றார் அண்ணன். நானும் என் கால்களையே ஐயுற்றேன்.

பள்ளி திறந்தது. மீட்டரில் நூற்றுப் பதினெட்டு.

"இருநூறு கேட்டேன்லம்மா. மீட்டர்ல இருக்கிறதைத்தான் நான் எடுத்துக்க முடியும்," என்று ஆசிரியர் என் பெயரை அடித்தார்.

அழுதுகொண்டு வீடு வந்தவளிடம் அம்மா, "ரெண்டு பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டித்தானே அனுப்பினேன்? அப்புறம் ஏன்டி கிடைக்கல?" என்றார்.

"ரெண்டா?"

"உங்க அண்ணன் ஒத்தப் பொட்டு வச்சிட்டுப் போயிட்டான். பார்க்க நல்லாவா இருந்துச்சு? எதிர்ப்பக்கம் நான் ஒண்ணு வச்சேன்."

வண்டியை நடைவழிக்கு இழுத்து, ஒற்றைப் பொட்டு வைத்து உருட்டினேன். இருநூற்று ஆறு! அண்ணன் அளந்தது அரைச் சுற்றை; நான் ஓட்டியதோ இருநூற்று முப்பத்தாறு கிலோமீட்டர். நாடாவை உற்றுப் பார்த்த அண்ணன், "அப்ப அம்மா மேலதான் தப்பு," என்று கூறிவிட்டுச் சாப்பிடப் போனார். மறுநாள் ஆசிரியரோ, "பொட்டுக் கதையெல்லாம் லிஸ்ட்ல எழுத முடியாதும்மா, பேரெல்லாம் அனுப்பியாச்சு," என்று சிரித்தார். மற்றவர்கள் தீவைச் சுற்றிவந்தார்கள்.

சென்ற மாதம், பணி ஓய்வு பெற்ற அண்ணன் புது மிதிவண்டி வாங்கினார். அதன் உணரிக்குக் காந்தமும் இல்லை, இணைப்புக் கம்பியும் இல்லை. சக்கரத்தின் அளவைத் தானே கண்டுகொள்கிறது. குங்குமம் பதிந்த சிமென்டுத் தரையும் இன்றில்லை, அம்மாவும் இல்லை. பூசைக்கு என்னை அழைத்தார். வேண்டுமென்றே ஒரே பொட்டு வைத்தேன்.

"ஒத்தப் பொட்டா? அம்மா இருந்தா விடுவாங்களா?" என்றவர், குனிந்து எதிர்ப்பக்கம் தாமே இரண்டாவதை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இக்கணக்கில் பிழை காணும் அன்பர்கள் அளவு நாடாவுடன் வந்து திருத்தியருள்க. அண்ணனின் திருத்தங்கள் மட்டும் ஏற்கப்படமாட்டா.