இன்குபேட்டர் நின்ற அன்று அக்கா

செகந்தராபாத் அருகே போலாரத்தில், ராணுவப் பணிமனை ஊழியரின் மூத்த மகளாக எங்கள் அக்கா பிறந்தார். பாலிடெக்னிக் கடைசி ஆண்டில் அப்பா தவறிவிட, அம்மாவும் நாங்கள் மூவரும் அவர் பொறுப்பானோம். படித்து முடித்த கையோடு மத்திய அரசு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கருவிகளில் பழுது கண்டுபிடிப்பதே அங்கு அவர் வேலை. எங்களையெல்லாம் கரையேற்றிய பிறகுதான் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார்.

எனக்குத் தெரிந்த அக்காவை ஒரே பிற்பகலில் காட்டிவிடலாம்.

எண்பதுகளின் நடுவில், மல்காஜ்கிரியில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். மறுநாளே அவள் இருந்த இன்குபேட்டர் நின்றுபோனது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உடனே எரிந்தது. பழுது பார்ப்பவர் பம்பாயிலிருந்து வரவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. டாக்டரம்மா குழந்தையை என் மார்போடு சேர்த்துக் கட்டி, சுற்றிலும் வெந்நீர்ப் பைகளை வைத்தார். என் கணவர் தொழிற்சாலைக்குப் போன் செய்ய, சக ஊழியர் ஒருவரின் ஸ்கூட்டரில் அக்கா வந்து இறங்கினார்.

ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போட்டு ஓட்டலாமா என்று அங்கிருந்த எலக்ட்ரீஷியன் கேட்டார். அக்கா ஒப்பவில்லை. "ஃபியூஸ் சும்மா போகலை. உள்ள எங்கயோ ஷார்ட் இருக்கு. கம்பி போட்டா பெட்டியே எரியும்."

இன்குபேட்டருக்குப் போகும் மின்சாரத்தை முதலில் ஒரு பல்பு வழியாக விட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஷார்ட் இருப்பது உறுதியானது. பிறகு உள்ளே ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு டயோடைப் பிரித்ததும் பல்பு மங்கியது; ஷார்ட் அதில்தான். அதன் பக்கத்திலிருந்த கண்டென்சரும் உப்பியிருந்தது. இரண்டையும் புதிதாக என் கணவர் செகந்தராபாத் போய் வாங்கி வந்தார். அக்கா அவற்றை ஈயத்தால் பற்றவைத்தார், இன்குபேட்டர் ஓடியது.

ஆனால் குழந்தையை உள்ளே வைக்க விடவில்லை. வெறும் மெத்தைமேல் வெப்பமானியை வைத்து மூடிவிட்டார். எனக்கு ஆத்திரமே வந்தது.

"அக்கா, அதான் சூடாயிடுச்சே. இவ கால் சில்லுன்னு இருக்கு."

"தெரியுது. சூடு ஏறினா போதாது, ஒரே அளவுல நிக்கணும். நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் வைப்பேன். அதுவரைக்கும் இவ எங்கிட்ட இருக்கட்டும்."

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழந்தையைத் தன் புடவைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார். கண்கள் வெப்பமானியை விட்டு அகலவில்லை. பொழுது சாயும் வேளையில் டாக்டரம்மா தலையசைத்ததும், அக்காவே அவளை உள்ளே கிடத்தினார். சில நாள் கழித்துப் பம்பாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, தான் செய்ய ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனார்.

கடைசி மாதங்களில் அக்காவைக் குளிப்பாட்டியதும் உணவு ஊட்டியதும் என் மகள்தான். யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், துணைநின்ற அண்டை வீட்டாருக்கும், முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவிடம் மட்டும் நன்றி சொல்ல முடிந்ததில்லை. ஆரம்பித்தாலே, "நக்கோ, வேலையைப் பாரு" என்று, வேண்டாம் என்பதை எங்கள் ஊர் உருதுவில் சொல்லிக் கையசைத்துவிடுவார். இன்று அவர் தடுக்க முடியாது.

நன்றி, அக்கா.